மின்தடை நாளில் பாயிங்க்: விண்டோஸில் நிறுத்தி, மறுபடி ஓட்டிய அனுபவம்

எங்கள் பகுதியில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள். வர சாயங்காலம் ஆகிவிடும். இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடுவதால் கணினியை ஒழுங்காக நிறுத்திவைக்க வேண்டிய நேரம் இருக்கிறது. அப்படியிருந்தும் மூன்று மாதம் தொடர்ச்சியாக அந்த ஒரு நாளில்தான் என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டு வேலைகள் கெட்டுப்போயின, அல்லது ஓடாமல் நின்றன. நாலாவது மாதம் ஒரு வேலைகூட வீணாகவில்லை. இடையில் என்னென்ன தவறு செய்தேன், எது எதனால் நடந்தது என்பதை எழுதிவைக்கிறேன். விண்டோஸில் பாயிங்க் ஓட்டும் யாருக்கும் இதில் ஏதாவது ஒன்று உதவும்.

பாயிங்க் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுகளுக்குக் கொடுக்க உதவும் மென்பொருள் இது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. வேற்றுக்கிரக சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம் திட்டம் 1999 மே 17 அன்று தொடங்கியது. அதை நடத்தியவர்கள், எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவாகப் பயன்படட்டும் என்று பிறகு உருவாக்கியதுதான் பாயிங்க். செட்டி 2020 மார்ச் 31 அன்று புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. பாயிங்க் தொடர்கிறது. நான் ஓட்டுவது மூன்று திட்டங்கள்: பல்சார் எனப்படும், வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம், புரத வடிவங்களைக் கணிக்கும் ரொசெட்டா அட் ஹோம், ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்எச்சி அட் ஹோம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால், 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தது. அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த தரவிலிருந்து வந்தது. நொடிக்கு சுமார் 41 முறை சுழலும் நட்சத்திரம். அதைக் கணக்கிட்டுக் காட்டியவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு கணினியும். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லை, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களின் கணினிகள். என் கணினியில் பாதியில் நிற்கும் ஒவ்வொரு வேலையையும் அதை நினைத்துத்தான் பார்க்கிறேன். எட்டு மணி நேரம் ஓடிய வேலை என் அவசரத்தால் குப்பைக்குப் போனால் மனசு கேட்பதில்லை.

கணினி பழையதுதான். நாலு கோர் ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பக்கத்தில் ஒரு சின்ன யுபிஎஸ். பத்து நிமிடம் தாங்கும்.

முதல் மாதம். மணி 8.40. பாயிங்க் மேனேஜர் ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினேன். மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து என் மகள் அந்தப் பக்கம் போனவள், "அப்பா, மூடியாச்சுன்னு சொன்னீங்க, ஃபேன் இன்னும் அலறுதே" என்றாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 100 சதவீதம். நாலு கோரும் வேலை செய்துகொண்டிருந்தன.

பெருக்கல் குறி எதையும் நிறுத்தாது. ஜன்னலை மறைத்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஐகானாக உட்கார வைக்கும், அவ்வளவுதான். சரி என்று ஃபைல் மெனுவில் போய் எக்ஸிட் கொடுத்தேன். ஐகானும் போய்விட்டது. ஃபேன் மட்டும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் பாயிங்க் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாக் கோளாறுக்கும் வேர் இங்கேதான். நாம் பார்க்கும் மேனேஜர் வெறும் ஜன்னல். அதன் பின்னால் பாயிங்க்.இஎக்ஸ்இ என்று தனி ப்ராசஸ் ஒன்று ஓடுகிறது, அதைக் கிளையன்ட் என்பார்கள். அதுதான் மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழே ஒவ்வொரு கோருக்கும் ஒரு வேலையாள், அதாவது ஒவ்வொரு திட்டத்தின் கணக்கீட்டு நிரல். ஜன்னலை மூடுவதால் மேஸ்திரி வீட்டுக்குப் போவதில்லை. மேனேஜரும் மேஸ்திரியும் பேசிக்கொள்வது கணினிக்குள்ளேயே 31416 என்ற போர்ட் வழியாக. பை எண்ணை 3.1416 என்று சுருக்கி எழுதும்போது வரும் இலக்கங்கள் என்பதால் மறக்காது.

முறைப்படி எக்ஸிட் கொடுக்கும்போது, ஓடும் வேலைகளையும் நிறுத்தட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் டிக் போட்டால்தான் மேஸ்திரியும் ஆட்களும் கிளம்புவார்கள். எனக்கு அந்தப் பெட்டியே வரவில்லை. எப்போதோ டிக் இல்லாமல் ஓகே கொடுத்து, "இதையே நினைவில் வை" என்பதையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து நான் எக்ஸிட் கொடுத்த ஒவ்வொரு முறையும் ஜன்னல் மட்டும் போயிருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் அதர் ஆப்ஷன்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் மேனேஜரின் எக்ஸிட் டயலாக்கைக் காட்டும் தேர்வை மறுபடி போட்டால் பெட்டி திரும்ப வரும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரியாததால் டாஸ்க் மேனேஜரில் பாயிங்க்.இஎக்ஸ்இ மேல் வைத்து எண்ட் டாஸ்க் கொடுத்தேன். அடுத்த நொடியே, தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்து மேனேஜரை மறுபடி திறந்தேன். ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடலாம் என்ற எண்ணம். வேலைகளின் பட்டியலில் நாலும் "ஒத்திவைக்கப்பட்டது, லாக்குக்காக (பூட்டுக்காக) காத்திருக்கிறது" என்ற பொருளில் ஏதோ காட்டின. நடந்ததையெல்லாம் பாயிங்க் பதிந்துவைக்கும் இவெண்ட் லாக்கில் வேறொரு வரி: வேலை பூஜ்ஜிய நிலையோடு வெளியேறியது, ஆனால் முடிந்ததற்கான கோப்பு இல்லை. கூடவே, இது திரும்பத் திரும்ப நடந்தால் திட்டத்தை ரீசெட் செய்ய வேண்டியிருக்கலாம் என்ற குறிப்பு.

அந்தக் குறிப்பை நம்பி ரீசெட் கொடுத்தேன். நாலு வேலையும் போயின. ரீசெட் என்றால் அந்தத் திட்டத்துக்காக இறக்கி வைத்திருக்கும் வேலைகள் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. "திரும்பத் திரும்ப" என்ற சொல்லை நான் சரியாகப் படிக்கவில்லை.

என்ன நடந்திருந்தது என்று அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேண்டுமென்றே அதையே மறுபடி செய்து பார்த்தேன். சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும். அதற்குள் பாயிங்க், அதற்குள் ஸ்லாட்ஸ். ஸ்லாட்ஸுக்குள் 0, 1, 2, 3 என்று எண் போட்ட அறைகள். ஒரு வேலைக்கு ஓர் அறை. ஒவ்வொரு அறையிலும் ஸ்டிடிஎர்ர்.டெக்ஸ்ட் என்ற கோப்பில் அந்த வேலை தன் நாட்குறிப்பை எழுதுகிறது. 2-ஆம் எண் அறையைத் திறந்தேன். கடைசி வரிகள் இவை: கிளையன்ட்டிடமிருந்து 30 நொடியாக இதயத்துடிப்பு இல்லை, வெளியேறுகிறேன். அதற்கு மேலே, புதிதாகத் தொடங்கிய நிரல் எழுதிய வரி: லாக்ஃபைல் கிடைக்கவில்லை (32), 35 நொடி காத்திருக்கிறேன்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும்தான் விளங்கியது. மேஸ்திரி நொடிக்கு ஒருமுறை ஆட்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். 30 நொடி குரல் வரவில்லை என்றால் ஆட்கள் தாங்களாகவே கருவியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் மேஸ்திரியைக் கொன்றதும், ஆட்கள் அந்த 30 நொடி உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நான் புது மேஸ்திரியை அனுப்பினேன். அவர் அதே அறைக்குப் புது ஆளை அனுப்பினார். உள்ளே பழைய ஆள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். 32 என்பது விண்டோஸின் பிழை எண், வேறொரு ப்ராசஸ் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். புது ஆள் காத்திருக்கும் நேரம் 35 நொடி, அதாவது பழைய ஆள் கிளம்ப ஆகும் நேரத்தைவிட 5 நொடி கூடுதல். எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் அந்த வேலை 10 நிமிடம் ஒதுங்கி நின்று மறுபடி முயலும். நான் எதையும் தொடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால் நாலும் தானாகவே தொடர்ந்திருக்கும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், அன்று நடந்தது அதேதான். ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். முதல் நிமிடம் முடிவதற்குள் மூன்று வேலை ஓடத் தொடங்கின. நாலாவது பத்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது.

அந்த நாலாவது ஏன் தாமதித்தது என்றும் பார்த்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த ஃபோல்டரில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து சோதித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒருவகையில் தாழ்ப்பாள்தான். புரோகிராம்டேட்டாவில் உள்ள பாயிங்க் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அதன் பிறகு 32 என்ற எண்ணை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது மாதம் பாயிங்கைத் தொடவே கூடாது, விண்டோஸையே நேராக ஷட் டவுன் செய்துவிடலாம், அது எல்லாவற்றையும் முறையாக மூடும் என்று நினைத்தேன். ரொசெட்டாவுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவரும், ஏனென்றால் அந்த வேலைகள் அவ்வப்போது செக்பாயிண்ட் எழுதிவைக்கின்றன. நடுவில் நின்றாலும் கடைசி செக்பாயிண்டிலிருந்து தொடரும். எல்எச்சி வேலைகள் பல வேறு மாதிரி. அவை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளுக்குள் முழு லினக்ஸ் கணினி ஒன்றை எழுப்பி அதற்குள் ஓடுகின்றன. நிறுத்தச் சொன்னால், அந்தக் கணினியின் நினைவகம் முழுவதையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் அது நிற்கும். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு 40 நொடி ஆகிறது. விண்டோஸ் ஷட் டவுன் ஆகும்போது அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. பாதி எழுதிய நிலையிலேயே மூடிவிட்டது. சாயங்காலம் திறந்தபோது அந்த வேலைக்கு எதிரே, விர்ச்சுவல் கணினியைக் கையாள முடியவில்லை, பிறகு முயல்கிறேன் என்ற செய்தி. அது பிறகு முயன்றும் எழவில்லை. பதினோரு மணி நேர வேலை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸில் இயல்பாகவே போட்டிருக்கும். அது இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலையும் டிரைவர்களையும் தூங்கவைத்து டிஸ்க்கில் எழுதிவிட்டு, காலையில் அதையே எழுப்பும். விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் குழப்பமான நிலையில் தூங்கினால் குழப்பத்தோடுதான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் இந்த வசதியை எடுத்துவிட்டேன். கணினி எழ 15 நொடி கூடுதலாகிறது, பரவாயில்லை.

மூன்றாவது மாதத்துக்கு முன்பே படித்துத் தயாராகிவிட்டேன். பாயிங்கோடு கூடவே பாயிங்க்சிஎம்டி என்று ஒரு கட்டளை நிரல் வருகிறது. மேனேஜர் இல்லாமலேயே மேஸ்திரியிடம் நேரடியாகப் பேச உதவுவது. கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து அதைக் கூப்பிட்டேன். அனுமதி மறுப்பு, எண் -155. மேஸ்திரி தன்னிடம் பேச வருபவரிடம் ஒரு கடவுச்சொல் கேட்கிறார், அது தரவு ஃபோல்டரில் ஜியுஐ_ஆர்பிசி_ஆத்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருக்கிறது. கட்டளை அதே ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ஓடினால் தானாக அதைப் படித்துக்கொள்ளும். ஆகவே முதலில் சிடி கட்டளையால் புரோகிராம்டேட்டா பாயிங்க் ஃபோல்டருக்குப் போக வேண்டும். நிரல் இருப்பதோ புரோகிராம் ஃபைல்ஸில். அதன் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும், நடுவில் இடைவெளி இருப்பதால். இந்த இரண்டு சின்ன விஷயத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் போனது.

பிறகு எல்லாம் நன்றாகவே போனது. செட் ரன் மோட் கட்டளைக்கு நெவர் என்று கொடுத்தேன், எல்லா வேலையும் நின்றன. குவிட் கொடுத்தேன், மேஸ்திரியும் போனார். விண்டோஸை மூடினேன். சாயங்காலம் 5.20-க்குக் கரண்ட் வந்ததும் கணினியைப் போட்டேன். பாயிங்க் தானாக எழுந்தது. நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இரவு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பயனர் கேட்டபடி நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்தது. நெவர் என்று மட்டும் சொன்னால் பாயிங்க் அதை நிரந்தரக் கட்டளையாக எழுதிவைத்துக்கொள்கிறது, மறுநாள் எழுந்த பிறகும் மறப்பதில்லை. பக்கத்தில் 600 என்று நொடிக்கணக்கையும் சேர்த்தால் அது தற்காலிகம். பத்து நிமிடத்தில் தானே பழைய நிலைக்கு வரும், இடையில் மூடித் திறந்தாலும் பழைய நிலைதான்.

இன்னொன்றும் அந்த வாரம்தான் கவனித்தேன். கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸில், நிறுத்திவைத்த வேலைகளை நினைவகத்திலேயே விட்டுவை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது போட்டிருந்தால் விர்ச்சுவல் கணினி டிஸ்க்கில் எழுதப்படாமல் வெறுமனே உறைந்து நிற்கும். மற்ற வேலைகளும் ரேமில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தினசரி ஓட்டத்துக்கு அது நல்ல தேர்வுதான், நான் விட்டுவைத்திருக்கிறேன். மின்தடைக்கு முதல் நாள் இரவு மட்டும் எடுத்துவிடுகிறேன்.

நாலாவது மாதத்துக்கு, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். ஐந்தாறு வரிதான். தரவு ஃபோல்டருக்குப் போகும், நெவர் 600 கொடுக்கும், டைம்அவுட் கட்டளையால் 90 நொடி காத்திருக்கும், குவிட் கொடுக்கும், மறுபடி 40 நொடி காத்திருக்கும், கடைசியில் டாஸ்க்லிஸ்ட் ஓட்டி பாயிங்க்.இஎக்ஸ்இ, விர்ச்சுவல் கணினியை ஓட்டும் விபாக்ஸ்ஹெட்லெஸ்.இஎக்ஸ்இ இரண்டில் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும். அந்த 40 எதற்கு என்று உங்களுக்கு இப்போது தெரியும்: மேஸ்திரி போன பிறகு யாராவது உள்ளே மிச்சம் இருந்தாலும் 30 நொடியில் கிளம்பிவிடுவார். ஷட் டவுன் கட்டளையை நான் இதில் சேர்க்கவில்லை. பட்டியலை என் கண்ணால் பார்த்த பிறகு நானே கொடுப்பது எனக்குத் திருப்தி.

அன்று காலை 8.30-க்கு முதலில் ஒவ்வொரு வேலையையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். கடைசி செக்பாயிண்டுக்குப் பிறகு எவ்வளவு சிபியு நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் ஒரு வரி இருக்கும். ஐன்ஸ்டைன் இரண்டிலும் ஒரு நிமிடத்துக்குள். ரொசெட்டாவில் ஒன்று 26 நிமிடம் காட்டியது. இப்போது நிறுத்தினால் அந்த 26 நிமிடம் போகும். சரி, கரண்ட் போக இன்னும் அரை மணி இருக்கிறதே என்று காத்திருந்தேன். 8.41-க்கு அது 12 நொடிக்குக் குறைந்தது, செக்பாயிண்ட் எழுதிவிட்டது. உடனே பேட்ச் ஃபைலை ஓட்டினேன்.

இன்னொரு ஜன்னலில் எல்எச்சி வேலை இருந்த ஸ்லாட்டின் நாட்குறிப்பைத் திறந்து வைத்திருந்தேன். விர்ச்சுவல் கணினியை நிறுத்துகிறேன் என்ற வரி முதலில் வந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தது. 38 நொடி. பிறகு வெற்றிகரமாக நிறுத்தினேன் என்ற வரி. போன மாதங்களில் நான் பார்க்கத் தவறிய வரி அதுதான். டாஸ்க்லிஸ்ட் வெறுமையாக வந்தது, ஃபேன் அடங்கியது. ஷட் டவுன் கொடுத்தேன். 8.47.

மூடுவதற்கு முன் இன்னொன்றும் செய்தேன்: தரவு ஃபோல்டரில் கிளையன்ட்_ஸ்டேட்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். என்னென்ன வேலை இருக்கிறது, எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற மேஸ்திரியின் கணக்குப் புத்தகம் அது. மேஸ்திரி புதுக் கணக்கை நெக்ஸ்ட் என்ற பெயரில் எழுதி முடித்த பிறகே பெயர் மாற்றுகிறார், பழையதை ப்ரீவ் என்று பத்திரமாக வைக்கிறார். இருந்தாலும் திடீரென்று கரண்ட் போய் இரண்டும் பூஜ்ஜிய பைட்டாகிவிட்டால், திட்டங்களோடு இருந்த தொடர்பு மிஞ்சும், கையில் இருந்த வேலைகள் மிஞ்சாது. அன்றன்றைக்கு எடுத்த நகல்தான் பயன்படும். போன வாரத்து நகலைத் திரும்பப் போட்டால் ஏற்கெனவே அனுப்பிய வேலைகளை மேஸ்திரி மறுபடி தேடுவார்.

சாயங்காலம் 5.10-க்குக் கரண்ட். கணினியைப் போட்டு இரண்டு நிமிடம் எதையும் தொடவில்லை. மேனேஜர் கொஞ்ச நேரம் லோக்கல்ஹோஸ்டுடன் (அதாவது இதே கணினியுடன்) இணைகிறேன் என்றே காட்டிக்கொண்டிருக்கும், மேஸ்திரி அப்போதுதான் கண் விழிக்கிறார். அந்த நேரத்தில் மறுபடி மறுபடி திறந்தால், இன்னொரு பாயிங்க் ஓடுகிறது என்ற பிழையைத்தான் சம்பாதிப்போம். பிறகு இவெண்ட் லாக்கில் நாலு வேலையும் ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஐன்ஸ்டைன் 61 சதவீதத்திலிருந்தும் 34-இலிருந்தும், ரொசெட்டா விட்ட இடத்திலிருந்து ஓர் அடி பின்னால், எல்எச்சி விட்ட அதே இடத்திலிருந்து. அதில் முதல் ஐன்ஸ்டைன் வேலை மறுநாள் மதியம் முடிந்து போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து வேறு யாருடைய கணினியோ செய்த அதே கணக்கோடு ஒத்துப்போனதாக ஏற்கப்பட்டது.

அறிவிப்பு இல்லாமல் போகும் கரண்டுக்கு இன்னும் வழி செய்யவில்லை. யுபிஎஸ்ஸின் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது. பேட்டரிக்கு மாறியதும் இதே பேட்ச் ஃபைலைத் தானாக ஓட்டவைக்க முடியுமா என்று இந்த வாரம் ஒரு கேபிள் வாங்கி முயன்றுகொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் தாங்கும் பேட்டரியில் 130 நொடி எனக்குத் தாராளம்.